துரு ஏறாத நசுங்கல்

மதிப்பிற்குரிய 'வார அலை' ஆசிரியர் சிவசம்பு ஐயா அவர்களுக்கு,

இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்கும் ஒன்றுமில்லை என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் உண்மையைத் தவிர வேறெதுவும் எழுதுவதில்லை என்று காலையில் முடிவு செய்திருக்கிறேன். தாங்களும், வீட்டில் அனைவரும், சுபாங் ஜெயா புதிய அலுவலகத்தின் குளிர்சாதனமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் நானும் அம்மாவும் நலம். ஒரு வாரமாக மழை இல்லை.

நேற்றுத் தாங்கள் அனுப்பிய செய்தியில் மூன்று கேள்விகள் இருந்தன. என் 'சொல் வந்த வழி' பத்தியில் பதினோரு வாரம் தொடர்ந்து தவறான தகவல் வந்தது ஏன். டெங்கில் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கு யார் பதில் சொல்வது. எனக்கு உடம்புக்கு என்ன. மூன்றாவதற்குப் பதில் சொல்லிவிட்டேன். மற்ற இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

அவை தவறி விழுந்த பிழைகள் அல்ல. நான் போட்டவை. வாரம் ஒன்றாக. யோசித்து.

கோபப்படுவதற்கு முன் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

நான் பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மலாய் அறிக்கைகளை ஆங்கிலமாக்குகிறேன். மொழியியல் படித்தவளுக்கு இந்த நகரம் எடுத்து வைத்திருந்த வேலை. ஞாயிறுதோறும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, அது எங்கிருந்து புறப்பட்டது, வழியில் என்னவெல்லாமாக இருந்தது என்று நூற்றைம்பது சொற்களில் எழுதுவதற்குத் தாங்கள்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் இடம் கொடுத்தீர்கள். தீப்பெட்டி அளவு இடம். இராசிபலனுக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவில். அதற்கு நன்றியுடையவளாகவே இருக்கிறேன். எதிர்காலத்துக்கும் முடிவுக்கும் நடுவில் சொல் இருப்பது பொருத்தம்தான் என்று அப்போது நினைத்தேன். இருபத்தாறு வயதில் அப்படியெல்லாம் தோன்றும்.

முதல் வருடம் யாரும் எழுதவில்லை. யாராவது படிக்கிறார்களா என்றுகூடத் தெரியவில்லை. கிணற்றில் கல் போட்டால் சத்தமாவது வரும்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் 'கேஷ்' பற்றி எழுதினேன். நம் காசுதான் ஆங்கிலத்தில் கேஷ் ஆயிற்று என்று பெருமையாக முடித்திருந்தேன். வாசகர்களுக்கு மிகவும் பிடித்தது. தங்களுக்கும் பிடித்தது. பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. என் பத்தியை வெட்டி ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டி, பென்சிலால் சுற்றிலும் அம்புக்குறி போட்டு, அடியில் இப்படி எழுதியிருந்தது:

"பொருள்: கேஷ். புறப்பட்ட இடம்: தமிழ் என்று சீட்டில் உள்ளது. நிலை: பழுது. நம் காசில் இருந்து வந்த கேஷ் ஒன்று உண்டு. அது பழைய கம்பெனிக் கணக்குகளில் வரும் சின்ன நாணயம். கடையில் இன்று நாம் கொடுக்கும் கேஷ் வேறு. அது பிரெஞ்சு வழியாக வந்தது. பெட்டி என்று பொருள். பணம் வைக்கும் பெட்டியின் பெயர் பணத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. நான் பெட்டி பார்க்கிறவன் என்பதால் சொல்ல வேண்டியதாயிற்று. செந்தூரன், கிள்ளான்."

அகராதியை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

தாங்கள் அதை 'திருத்தம்' என்று தலைப்பிட்டு வெளியிட்டீர்கள். அடியில் நான் ஒரு வரி: "நன்றி." மறுவாரம் நான்கு வாசகர்கள் எங்கள் இருவரையும் தமிழைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று திட்டி எழுதினார்கள். 'நீங்கள் இருவரும்' என்று ஒருவர் எழுதிப் படித்தது அதுதான் முதல் தடவை. அந்தத் தாளை வைத்திருக்கிறேன்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பதே அந்த அறிக்கைகளைத்தான். கப்பலில் வந்த கொண்டெய்னர்கள் சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாக டிப்போவுக்குத் திரும்பும்போது, ஒருவர் அவற்றைச் சுற்றி வந்து, எங்கே நசுங்கல், எங்கே ஓட்டை, எங்கே துரு என்று குறித்துக் கொடுப்பார். பொருள், புறப்பட்ட இடம், நிலை. அதே வரிசை. ஒரு நாளைக்கு அப்படி முப்பது அறிக்கை படிக்கிறேன். ஒன்றில்கூட எழுதியவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதில்லை.

ஒரு வருடத்தில் பத்தொன்பது கடிதங்கள். பிழை இருந்தால் மட்டுமே எழுதுவார். 'சேலரி' என்ற சொல்லில் உப்பு இருக்கிறது, ஆனால் ரோமாபுரிச் சிப்பாய்கள் சம்பளமாக உப்பு வாங்கியதற்குச் சாட்சி இல்லை. உப்பு உண்டு, மூட்டை இல்லை என்று எழுதினார். 'சின்சியர்' என்றால் மெழுகில்லாதது, விரிசலை மெழுகு பூசி மறைக்காத சிலை என்று நான் உருகி எழுதியதற்கு, கதை அழகு, ஆனால் பின்னால் யாரோ கட்டியது, அந்த இலத்தீன் சொல்லுக்குச் சுத்தம் என்று மட்டுமே பொருள் என்று எழுதினார். தன்னைப் பற்றி ஒரே ஒரு முறை ஒரு வரி. பதினான்காவது கடிதத்தின் ஓரத்தில், அம்புக்குறிக்குக் கீழே: "இன்று மழை. பெட்டிக்குள் நின்றால் சத்தம் அதிகம்."

அவ்வளவுதான் ஐயா. ஒரு வருடத்தில் அவ்வளவுதான்.

அம்மா ஒரு நாள் கேட்டார். என் அம்மா குணபூசணியைத் தாங்கள் ஆண்டு விழாவில் பார்த்திருக்கிறீர்கள். தங்களிடம் தங்கள் சாதகத்தைக் கேட்டவர்.

"அந்த ஆளுக்கு எத்தனை வயசு?"

"தெரியாது."

"யாருடைய பிள்ளை?"

"தெரியாது."

"அப்ப என்னதான் தெரியும் உனக்கு?"

"பென்சில்ல எழுதுவார்."

"எழுபது வயசு கிழவனா இருக்கப் போறான். பென்ஷன்காரங்கதான் பென்சில்ல எழுதுவாங்க."

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவருக்கு எழுபது வயது என்று வைத்து யோசித்துப் பார்த்தேன். பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை.

நான் செய்த முட்டாள்தனம், திருந்தியது. அவர் கண்ணில் படாதபடி எழுத வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் மூன்று அகராதிகளில் பார்க்க ஆரம்பித்தேன். மதிய உணவு நேரம் முழுதும் அதற்கே. பத்தி மேலும் மேலும் சரியாக வந்தது. கடிதங்கள் குறைந்தன. இந்த வருடம் மார்ச்சில் அடியோடு நின்றன. ஆறு வாரம் ஒன்றுமில்லை. என் பிழைகள் தீர்ந்துவிட்டன, அதனால் அவரும் தீர்ந்துவிட்டார்.

அந்த மார்ச்சில்தான் தாங்கள் தம்பிப்பிள்ளை சாலை மாடியைக் காலி செய்துவிட்டுச் சுபாங் ஜெயாவுக்குப் போனீர்கள். நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. தாங்களும் பார்க்கவில்லை. வாசகர் கடிதமே வருவதில்லை, தமிழ் வாசகன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான் என்று ஏப்ரலில் இரண்டு பத்தி நீளத்துக்குத் தலையங்கம் எழுதினீர்கள். படித்து எனக்குக் கண் கலங்கியது. காரணம் வேறு.

ஏழாவது வாரம் முதல் பிழையைப் போட்டேன்.

சின்னதாகத்தான். கெட்சப் என்பது கெட்ச் என்ற ஆங்கிலச் சமையல்காரரின் பெயர் என்று எழுதினேன். அப்படி ஒருவர் இல்லை. அது தென்சீனக் கரையின் ஹொக்கியன் பேச்சில் மீன் சாற்றுக்கு இருந்த பெயர் என்பதுதான் பெரும்பாலோர் சொல்வது. நம் கடைகளில் இன்றும் கிச்சாப் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், ஆகவே புதன்கிழமைக்குள் அவரிடமிருந்து வந்துவிடும் என்று இருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு டியூஷன் நிலையத்தில் பொது அறிவுப் போட்டி வைத்து, கெட்சப் என்ற சொல்லைக் கொடுத்தவர் யார் என்று கேட்டு, ஹொக்கியன் என்று எழுதிய ஒரு பெண் பிள்ளைக்கு மதிப்பெண் வெட்டி, அவள் அழுது, அவள் அப்பா ஆசிரியையிடம் போய், ஆசிரியை 'வார அலை'யை எடுத்துக் காட்டி, அந்த அப்பாவும் அச்சில் வந்திருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி மகளைக் கூட்டிப் போனாராம். எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் ரமணி பெருமையாகச் சொன்னாள். அந்த டியூஷன் அவள் அக்காவுடையது.

நிறுத்தியிருக்க வேண்டும். பிழை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டாவது வாரம், வெறிபிடித்துத் தாக்குவதைச் சொல்லும் 'அமோக்' கிரேக்கச் சொல் என்று எழுதினேன். மலாய்ச் சொல் என்று நம் நாட்டில் தெரியாதவர் கிடையாது. பதில் இல்லை. நான்காவது வாரம் 'விண்டோ'. 'வின்', 'டோர்' என்று பிரித்து, கதவு வைக்க வசதியில்லாதவர்கள் ஜெயித்த ஓட்டை என்று பொருள் என எழுதினேன், ஐயா, எழுதும்போதே கை கூசியது. கிள்ளானில் அலுமினியச் சன்னல் கடை வைத்திருக்கும் நாகையா என்பவர் எப்படியோ என் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். கிள்ளான் என்றதும் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் நன்றி சொல்லத்தான் அழைத்திருந்தார். அந்த வாசகத்தை அப்படியே அடுத்த வருடக் காலண்டரில் போடப் போவதாகவும், ஆயிரத்து ஐந்நூறு பிரதி அச்சுக்குப் போய்விட்டதாகவும், கீழே என் பெயரும் வரும் என்றும் சொன்னார். அண்ணே, நீங்கள் கிள்ளானில் செந்தூரன் என்று யாரையாவது அறிவீர்களா என்று கேட்டேன். சன்னல் மாட்டுகிற ஆளா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் தெரியாது என்றார்.

எட்டாவது வாரம்தான் 'குட்பை'. பழைய இலண்டன் சந்தையில், நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போ என்று வியாபாரிகள் சொன்ன வார்த்தை அது என்று எழுதினேன். டெங்கில் தலைமையாசிரியர் ஓய்வு பெறும் ஆசிரியை ஒருவருக்கு எட்டடி நீளப் பதாகையில் அந்த விளக்கத்தை அச்சடித்து மேடையில் கட்டியிருக்கிறார். முப்பத்து மூன்று வருடம் பாடம் சொன்ன அந்த அம்மாள், கண்ணீரோடு மேடையேறி, நிமிர்ந்து பார்த்து, நான் என்னத்தை வாங்கிக்கொண்டு போகிறேன் என்று கேட்டிருக்கிறார். பாடம் நடத்தியது ஆங்கிலமாம்.

தலைமையாசிரியருக்கு நானே மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டேன். புதுப் பதாகைக்கான செலவும் என்னுடையது.

ஒன்பதாவது வாரம், இனிப் பத்தியை நம்பிப் பயனில்லை என்று, ஒரு சனிக்கிழமை கம்யூட்டர் ரயிலேறிக் கிள்ளான் துறைமுகம் போனேன். நம் வாசகர்கள் பெயரையும் ஊரையும் மட்டும்தான் எழுதுவார்கள். கதவெண் போட்டால் அது புகார் மனு. பெயரும் ஊரும் மட்டும் என்றால் வாசகர் கடிதம். இந்த நல்ல வழக்கத்தை ஏற்படுத்தியவர் யாரென்று தெரிந்தால் அவரிடம் எனக்குப் பேச வேண்டியது இருக்கிறது. டிப்போ டிப்போவாகக் கேட்பது என்று திட்டம். மூன்றாவது டிப்போவில் கழுத்தில் அலுவலக அட்டையைக் கழற்ற மறந்து நுழைந்துவிட்டேன். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரைப் பார்த்ததும் காவலாளி எழுந்து நின்றார். மேற்பார்வையாளர் கமலநாதன் ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் வாய் திறப்பதற்குள் என் தலையில் மஞ்சள் தொப்பி ஏறியிருந்தது.

"மிஸ், சொல்லாம வந்துட்டீங்களே. எல்லாம் ஓக்கேயா இருக்கு இங்க. லைட் டெஸ்ட் பார்க்கணுமா?"

பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லை அறிக்கைகளில் மூன்று வருடமாக மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. சரி என்றேன். ஒரு காலிக் கொண்டெய்னருக்குள் என்னை நிற்க வைத்து இரண்டு கதவையும் சாத்தினார்கள். வெளியே பதினொரு மணி வெயில். உள்ளே என் கை எனக்குத் தெரியவில்லை. மேலே, இடது மூலையில், ஊசி முனை அளவுக்கு ஒரு வெளிச்சம். செந்தூரன் தினமும் இப்படித்தான் நிற்பார். இருட்டில் நின்று, எங்காவது ஒரு புள்ளி வெளிச்சம் தெரிகிறதா என்று தேடுவார். தெரிந்தால் பழுது என்று எழுதுவார். எனக்கு அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் போலிருந்தது.

கதவைத் திறந்ததும் கேட்டேன்.

"செந்தூரனா?" கமலநாதன் யோசித்தார். "நம்மகிட்ட ஒரு செந்தில் இருக்கான், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறான். செந்தூரன் இல்ல லா மிஸ். ஏன், ரிப்போர்ட்ல ஏதாச்சும் தப்பு பண்ணிட்டானா?"

"இல்ல. அவர் தப்பே பண்றதில்ல."

"அப்ப நிச்சயமா நம்ம ஆள் இல்ல," என்றார்.

திங்கட்கிழமை அந்த டிப்போவிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு, தங்கள் ஆய்வாளரின் திடீர் வருகைக்கு நன்றி, ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது. எங்களிடம் ஆய்வாளர் என்று யாரும் கிடையாது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை மலாயிலிருந்து ஆங்கிலமாக்கும் வேலையும் என் மேசைக்கே வந்தது.

பத்தாவது, பதினோராவது பிழைகளை நம்பிக்கை இல்லாமல்தான் போட்டேன். பன்னிரண்டாவது வாரம் எனக்கு உண்மையாகவே காய்ச்சல். பத்தி அனுப்பவில்லை. தாங்கள் முதல் வருடத்தில் வந்த 'கம்பானியன்' பத்தியை எடுத்து மறுபடி போட்டீர்கள். ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்கிறவர் என்ற பொருளில் இலத்தீனில் பிறந்த சொல். பிழை எதுவும் இல்லாத பத்தி.

போன வெள்ளிக்கிழமை, அம்மாவின் ரவிக்கையை வாங்கி வரப் போனேன். அம்மா புதிதாக ஒரு தையல்காரரைப் பிடித்திருக்கிறார், தம்பிப்பிள்ளை சாலை, மாடி என்றார். போய்ப் பார்த்தால் நம் பழைய அலுவலகம். தங்கள் மேசை இருந்த இடத்தில் வெட்டுமேசை. பவுனம்மாள் ஆன்டியின் தையல்கடை. அவரும், மலர் என்ற பெண்ணும். நான்கு மாதமாக அந்த வாசலைத் தாண்டித்தான் ரயிலுக்குப் போய் வருகிறேன். படி ஏற எனக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

ரவிக்கைச் சீட்டில் குறிக்க, வாங்கிப் போகிறவர் பெயரைக் கேட்டார். ஜனகா என்றேன். தையல் இயந்திரம் நின்றது.

"எந்த ஜனகா? பேப்பர்ல எழுதற ஜனகாவா?"

ஆமாம் என்றேன்.

"வா, உக்காரு. உனக்குப் பன்னெண்டு லெட்டர் இருக்கு. நாங்க படிச்சிட்டோம், கோச்சுக்காதே."

ஐயா, நம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் ஒரு முகவரி வருகிறதே, அதைத் தாங்கள் எப்போது கடைசியாகப் படித்தீர்கள்? இன்றைக்கும் அங்கே இருப்பது தம்பிப்பிள்ளை சாலைதான். தொலைபேசி எண்ணும் பழையதுதான். அந்த இணைப்பு இப்போது தையல்கடையினுடையது. பவுனம்மாள் ஆன்டி நல்லவர். கடிதங்கள் வருகின்றன என்று சொல்லப் பத்திரிகையில் இருந்த எண்ணுக்கு இரண்டு நாள் விடாமல் அழைத்திருக்கிறார். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், பெரிய பத்திரிகை போலிருக்கிறது என்று நினைத்தாராம். மூன்றாம் நாள்தான் மலர் சொல்லியிருக்கிறாள், ஆன்டி, இது நம்ம நம்பர்.

தமிழ் வாசகன் பேனாவைக் கீழே வைக்கவில்லை. தங்களுக்கு வந்த நாற்பத்தேழு கடிதங்கள் ரவிக்கைத் துணிகளுக்கு நடுவில் இருக்கின்றன. ஒன்றில் ஒருவர் முட்டிவலிக்கு வழி கேட்டிருந்தார். ஆன்டி பதில் போட்டுவிட்டார். குணமாகிவிட்டதாம்.

என்னுடைய பன்னிரண்டும் தனியாக, அளவுச் சீட்டுக் குத்தும் கம்பியில். வாரம் தவறாமல், புதன்கிழமைகளில் வந்தவை.

"மூணாவது லெட்டர்ல அவர் உங்களைத் திட்டறாரா கொஞ்சறாரான்னு எங்களுக்குள்ள ஒரே சண்டை, அக்கா," என்றாள் மலர். "நான் கொஞ்சறார்னு சொன்னேன்."

"திட்டறான்," என்றார் ஆன்டி. "ஆனா நிறுத்த மனசில்லாம திட்டறான்."

அங்கேயே உட்கார்ந்து படித்தேன். துணி வெட்டிய துண்டுகள் காலடியில்.

'விண்டோ'வுக்கு: "வட கடலோடிகள் கொடுத்த சொல். காற்றின் கண் என்று பொருள். இவ்வளவு நல்ல பொருளை வைத்துக்கொண்டு ஏன் மாற்றினீர்கள்?"

ஐந்தாவதில்: "ஐந்து வாரம், ஐந்து பழுது. ஒன்றிலும் துரு இல்லை. பழைய நசுங்கலில் துரு ஏறியிருக்கும். புதிய நசுங்கலில் தகடு பளபளக்கும். தானாக நேர்ந்ததா, யாராவது செய்ததா என்று எங்களுக்குப் பார்த்ததும் தெரியும். யார் செய்தது, ஏன் செய்தது என்று கேட்பது என் வேலை அல்ல."

'குட்பை'க்கு: "கடவுள் உங்களோடு இருக்கட்டும் என்ற முழு வாக்கியம் தேய்ந்து தேய்ந்து இந்த அளவாயிற்று. இதைப் போய் வியாபாரமாக்கிவிட்டீர்கள். கொஞ்சம் வருத்தம்."

கொஞ்சம் வருத்தம் என்று எழுத அந்த அறிக்கைகளில் கட்டம் கிடையாது. எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது, போன புதன்கிழமை வந்தது: "பொருள்: கம்பானியன். நிலை: பழுதில்லை. கூரை, தரை, நான்கு பக்கம், கதவு எல்லாம் பார்த்தேன். பழுதில்லாததற்கு நான் எழுதுவது வழக்கமில்லை. எழுதினேன். முன்பெல்லாம் அச்சில் ஒரு வரி வரும். இப்போது வருவதில்லை. நான் அனுப்புவது உங்களுக்கு வந்து சேர்கிறதா தெரியவில்லை. வேண்டாம் என்றும் இருக்கலாம். இனிப் படிப்பேன். எழுத மாட்டேன். செந்தூரன், கிள்ளான்."

தாளைத் திருப்பிப் பார்த்தேன். உறையைத் திருப்பிப் பார்த்தேன். முகவரி இல்லை.

"ஒரு பதில் போட்டிருக்கலாம்ல நீ அந்தப் புள்ளைக்கு," என்றார் ஆன்டி.

"அட்ரஸ் இல்ல ஆன்டி."

"கிள்ளான்னு போட்டிருக்குல்ல?"

அவர் ஒரு கண்ணாடித் தம்ளரில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ரவிக்கையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அம்மா இன்னும் பேசவில்லை.

ஆகவே ஐயா, நான் கேட்பது இது. அவருக்கு நான் எழுத முடிந்த ஒரே இடம் தங்கள் பத்திரிகைதான். பதினோரு திருத்தங்களையும் வரும் ஞாயிறு வெளியிடுங்கள். அவர் எழுதியபடியே, 'நிலை: பழுது' என்று அவர் போட்ட தலைப்போடு, ஒரு சொல் வெட்டாமல். கொஞ்சம் வருத்தத்தையும் வெட்ட வேண்டாம். இடம் போதாவிட்டால் இராசிபலனை ஒரு வாரம் நிறுத்துங்கள். யாருக்கும் எதுவும் நடந்துவிடாது. அடியில் என் பெயரில் ஒரு வரி: "எல்லாம் வந்து சேர்ந்தன. போன வாரம்தான்." நாகையா அண்ணனுக்கு நானே போய்ச் சொல்கிறேன். மதிப்பெண் இழந்த பெண் பிள்ளையின் பெயரை விசாரித்து அவளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி இந்தப் பத்தியில் தெரிந்தே ஒரு பொய்யும் எழுத மாட்டேன். வாசகர்கள் அச்சை நம்புகிறார்கள். அதை வைத்து நான் தூண்டில் போட்டேன். அது தவறு. என் சொந்த ஏக்கத்துக்குப் பொதுச் சொத்தைப் பயன்படுத்தியவள் என்று தாங்கள் என்னை நீக்கினாலும் ஏற்றுக்கொள்கிறேன். இந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன், மூன்று முறையும் மனதாரத்தான் எழுதினேன்.

தங்களுக்கும், பக்கம் கட்டும் குமுதா அக்காவுக்கும் என் வணக்கம். கண் மங்காமல், கண்ணாடி தொலையாமல், அலுவலகத்தில் எல்லோரும் நெடுநாள் படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

என்றும் மரியாதையுடன்,
ஜனகா, பிரிக்ஃபீல்ட்ஸ்

பி.கு.: இந்த வாரப் பத்தியை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பிழை உண்டு. பெரிதில்லை, யாரும் பதாகையில் அடிக்க மாட்டார்கள். பார்க்கத் தெரிந்த ஒருவர் பார்ப்பார். தயவுசெய்து அகராதியை எடுக்க வேண்டாம். பொய் எழுத மாட்டேன் என்று மேலே எழுதியது அடுத்த வாரத்திலிருந்து. பத்தியின் அடியில் புதிய அலுவலக முகவரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள், மாடி எண்ணோடு.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நேரில் கொண்டுவந்தேன். தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னதால், வரவேற்பு மேசையில் நின்று இந்த வரிகளைச் சேர்க்கிறேன். காத்திருந்த நேரத்தில் கீழே போய்த் தங்கள் தபால் பெட்டி எது என்று காவலாளியிடம் கேட்டேன். காட்டினார். அதில் பெயர் இல்லை. 'வார அலை' என்று எழுதி ஒட்டினேன்.